சூட்டில் சாகாத வித்தி: ஹாஃப்கினைக் குற்றவாளியாக்கிய ஒரு போத்தல் மருந்து

நெடுந்தீவில் குதிரைகள் மேயும் வெளியில் வெறுங்காலோடு நடந்த ஒருவருக்கு ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்திவிட்டால், வீட்டில் முதலில் வரும் பேச்சு ஏற்பு ஊசி பற்றியதுதான். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் அப்படித்தான். ஆணியின் துருவில்தான் விஷம் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஆபத்து துருவில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியா குதிரை, மாடு போன்ற விலங்குகளின் குடலில் வாழ்ந்து, சாணத்தோடு மண்ணுக்கு வருகிறது. அங்கே அது வித்தியாக மாறி, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. கொதிநீரில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

இந்த உறக்கத்தைப் பற்றிய அரைகுறை விளக்கம் ஒன்றால், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை சிதைந்தது. கொலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டுபிடித்து, இரண்டையும் முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தவர் அவர். பெயர் வல்டமார் ஹாஃப்கின். இந்தியாவுக்குத் தன் நல்ல ஆண்டுகளைக் கொடுத்த அவரை, பத்தொன்பது பேரின் சாவுக்குப் பொறுப்பாளி என்று இந்திய அரசாங்கம் வெளியே அனுப்பியது.

ஒடெசாவிலிருந்து கல்கத்தாவுக்கு

1860 ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் ஹாஃப்கின் பிறந்தார். படித்தது விலங்கியல். ஆசிரியராக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். யூதர்களுக்கு எதிரான கலவரங்களின்போது தற்காப்புக் குழுவில் சேர்ந்து நின்றதற்காக ஹாஃப்கின் கைதானார். மெச்னிகோவ் சாட்சி சொன்னதால் வெளியே வந்தார். பல்கலைக்கழகத்தில் மேலே போக வேண்டுமென்றால் மதம் மாற வேண்டும் என்ற நிலை வந்தது. அவர் மாறவில்லை.

1888 இல் ஜெனிவாவுக்கும், அடுத்த ஆண்டு பாரிஸுக்கும் போனார். அங்கே லூயி பாஸ்டரின் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. மிஞ்சிய நேரத்தில் கொலராக் கிருமியோடு மல்லுக்கட்டினார். 1892 ஜூலை 18 அன்று, தான் தயாரித்த கொலராத் தடுப்பு மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். ஐரோப்பாவில் அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. முன்னர் இந்தியாவின் வைஸ்ரோயாக இருந்து, அப்போது பாரிஸில் பிரித்தானியத் தூதுவராக இருந்த டஃப்ரின் பிரபு, இந்தியாவில் முயன்று பார்க்கச் சொன்னார். 1893 இல் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

அவர் வைத்தியர் அல்ல. இந்தியாவில் அன்று மருத்துவ நிர்வாகம் முழுவதும் இராணுவ வைத்தியர்களின் கையில் இருந்தது. ரஷ்யாவில் பிறந்த, யூதரான, வைத்தியப் பட்டமில்லாத விலங்கியலாளர் ஒருவர் ஊசியோடு வந்து நின்றதைப் பலர் விரும்பவில்லை. சனங்களுக்கும் சந்தேகம் இருந்தது. கல்கத்தாவின் சேரிகளில் அவருடைய குழுவினர்மேல் கல் விழுந்த சம்பவமும் உண்டு. ஆட்களின் கண்முன்னே தனக்கே ஊசி ஏற்றிக் காட்டுவது அவருடைய வழியாக இருந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்கள்வரை போய்ப் பல்லாயிரம் பேருக்குக் கொலராத் தடுப்பூசி போட்டார்.

சூடாக்கிச் செய்த மருந்து

1896 இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசாங்கம் ஹாஃப்கினை அங்கே அழைத்தது. ஒக்டோபரில் போய்ச் சேர்ந்தவருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சின்ன இடமொன்று ஒதுக்கப்பட்டது. ஆய்வுகூடம் என்று சொல்லக்கூடிய வசதி இல்லை. மூன்று மாதம் ஓயாத வேலை. உதவியாளர்களில் ஒருவர் மனமுடைந்து போனார், இருவர் விட்டுப் போனார்கள். ஹாஃப்கின் நிற்கவில்லை.

அவர் கையாண்ட முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. பிளேக் பற்றீரியாவை இறைச்சிச் சாற்றில் பெருமளவில் வளர்ப்பது. பிறகு 65 முதல் 70 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் சூடாக்குவது. அந்தச் சூட்டில் பிளேக் கிருமி செத்துவிடும். செத்த கிருமியை உடம்பில் ஏற்றினால் நோய் வராது, எதிர்ப்புச் சக்தி மட்டும் வளரும். இந்துக்களும் முஸ்லிம்களும் மறுக்காதபடி மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் தவிர்த்து ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். கிருமி மேலிருந்து விழுதுவிட்டு வளர்வதற்குச் சாற்றின்மேல் நெய்யை மிதக்கவிட்டார். கடைசியில், பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கார்போலிக் அமிலம் சேர்க்கப்பட்டது.

1897 ஜனவரி 10 அன்று அந்த மருந்தையும் முதலில் தனக்கே ஏற்றிக்கொண்டார். அதே மாதம் பம்பாயின் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் புகுந்தபோது, தாமாக முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆகா கான் தன் இடத்தைக் கொடுத்தார், தன் சமூகத்தவரையும் ஊசி போட்டுக்கொள்ளச் செய்தார். 1899 இல் பரேலில், முன்னாள் ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வுகூடம் அமைந்தது. ஹாஃப்கின் அதன் தலைவரானார். இந்தியாவில் அந்தப் பிளேக் அலை அடங்குவதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு எதிராகக் கையில் இருந்த ஒரே தடுப்பு மருந்து அந்தக் கட்டடத்திலிருந்துதான் வெளியே போனது.

1902 இல் பஞ்சாப் அரசாங்கம் பெருந்தொகையானோருக்கு ஊசி போடத் திட்டமிட்டது. மருந்து வேகமாகவும் நிறையவும் தேவைப்பட்டது. ஹாஃப்கின் தயாரிப்பு முறையை மாற்றினார். சாற்றுக்குப் பதில் அகார் ஊடகத்தில் கிருமியை வளர்த்தார். கார்போலிக் அமிலத்தைக் கைவிட்டுச் சூட்டை மட்டும் நம்பினார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் ஏற்கனவே இந்த முறையை ஆபத்தில்லாமல் கையாண்டு வந்தது. பிரித்தானிய இந்தியாவுக்கு அது புதிது.

மல்கோவால்

1902 ஒக்டோபர் 30. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள மல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஐந்து போத்தல்கள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சிலருக்குத் தாடை இறுகத் தொடங்கியது. பிறகு கழுத்து, முதுகு. ஏற்புவலி. 53-என் எனக் குறியிட்ட ஒரே போத்தலிலிருந்து ஊசி பெற்ற பத்தொன்பது பேரும் இறந்தார்கள். மற்ற 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பம்பாய் பிரதம நீதியரசர் சேர் லோரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. போத்தல் திறக்கப்படுவதற்கு முன்னரே, அதாவது பரேல் ஆய்வுகூடத்திலேயே, மருந்து மாசடைந்திருந்தது என்று குழு முடிவுக்கு வந்தது. கார்போலிக் அமிலத்தைக் கைவிட்டது பெருங்குற்றமாகப் பார்க்கப்பட்டது. ஹாஃப்கின் பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டார். 1904 இல் இந்தியாவை விட்டுப் போனார்.

ஊசி போட்டு ஆட்கள் செத்துவிட்டார்கள் என்ற செய்தி பஞ்சாபில் பரவியதும் தடுப்பூசித் திட்டம் சரிந்தது. அந்த ஆண்டுகளில் பஞ்சாபில் பிளேக்கால் இறந்தவர்களின் தொகை இலட்சக்கணக்கில் போனது. மல்கோவாலின் இழப்பு பத்தொன்பதோடு நிற்கவில்லை.

விழித்திருப்பதும் உறங்குவதும்

விசாரணைக் குழுவின் சந்தேகம் முட்டாள்தனமானதல்ல. 65 பாகைச் சூடு பிளேக் கிருமியைக் கொல்லும், ஏற்புவலி வித்தியைக் கொல்லாது. இது 1902 க்கு முன்னரே தெரிந்த விடயம்.

1876 இல் ஜேர்மனியத் தாவரவியலாளர் பேர்டினண்ட் கோன், வைக்கோல் ஊறிய நீரில் வளரும் பற்றீரியா வித்தியாக மாறுவதையும், அந்த வித்திகள் கொதித்தலைத் தாங்குவதையும் விபரித்தார். அதே ஆண்டில் றொபேட் கொக், அந்திரக்ஸ் கிருமி வித்தியாகி மண்ணில் காத்திருப்பதைக் காட்டினார். 1877 இல் லண்டனில் ஜோன் டின்டல் ஒரு விசித்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். பழைய காய்ந்த வைக்கோலின் சாறு, மணிக்கணக்காகக் கொதித்த பிறகும் கெட்டுப்போனது. ஆனால் சில நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு, பல மணி நேரம் சும்மா வைத்து, மீண்டும் கொதிக்கவிட்டு, இப்படிச் சில தடவை செய்தால் சாறு கெடவேயில்லை. நீண்ட ஒரு கொதியால் முடியாததைக் குறுகிய பல கொதிகள் முடித்தன.

காரணம் இடைவெளியில் இருந்தது. முதல் கொதி விழித்திருக்கும் கிருமியைக் கொல்கிறது. வித்திகள் பிழைக்கின்றன. ஈரமும் இதமான சூடும் உணவும் கிடைத்ததும் அவை முளைக்கின்றன. முளைத்த கிருமிக்கு வித்தியின் கவசம் இல்லை. அடுத்த கொதியில் அது சாகிறது. உறங்குபவனைக் கொல்ல முடியாவிட்டால், எழும்பும்வரை காத்திருப்பதுதான் டின்டலின் முறை.

இன்றைய நுண்ணுயிரியல் இதை இன்னும் ஆழமாக விளக்குகிறது. வித்தியின் நடுப்பகுதியில் நீர் மிகக் குறைவு. கல்சியத்தோடு சேர்ந்த ஒருவகை அமிலம் அங்கே நிறைந்திருக்கிறது. தனிப் புரதங்கள் மரபணுப் பொருளைப் போர்த்தி வைத்திருக்கின்றன. வெளியே பல அடுக்கு உறை. இதனால்தான் சூடு உள்ளே போய்ச் சேதம் செய்வது கடினம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பலவகை வித்திகளுக்கு 60 முதல் 80 பாகை வரையான சூடு சாவைத் தருவதில்லை, உறக்கத்தைக் கலைக்கிறது. அப்படிச் சூடுபட்ட வித்திகள், பிறகு உணவு கிடைத்தால், சூடுபடாதவற்றைவிட விரைவாக முளைக்கும். ஆய்வுகூடங்களில் வித்திகளை எழுப்புவதற்கே இந்தச் சூட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏற்புவலிக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். 1889 இல், கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜப்பானியர் ஷிபசபுரோ கிடசாடோ, பல கிருமிகள் கலந்த வளர்ப்பை 80 பாகையில் சூடாக்கினார். மற்றவை செத்தன, ஏற்புவலி வித்திகள் மிஞ்சின. அவற்றை ஒட்சிசன் இல்லாத சூழலில் முளைக்கவிட்டார். சூடு அவருக்கு ஒரு சல்லடையாக உதவியது.

ஆகவே ஹாஃப்கினின் 65 பாகைச் சூட்டில் ஏற்புவலி வித்தி சாகாது என்பது உண்மை. ஆனால் குழுவின் வாதம் இங்கேதான் தடுக்குகிறது. கைவிடப்பட்ட கார்போலிக் அமிலமும் வித்தியைக் கொல்லாது. அந்திரக்ஸ் வித்திமேல் கார்போலிக் எவ்வளவு பலவீனமானது என்பதைக் கொக் 1881 இலேயே காட்டியிருந்தார். மருந்தில் சேர்க்கப்பட்ட சிறிய அளவு, முளைத்த கிருமியின் வளர்ச்சியை வேண்டுமானால் தடுக்கும். உறங்கும் வித்திக்கு அது பொருட்டே இல்லை. வித்தியைக் கொல்வதைப் பொறுத்தவரை பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே நம்பியிருந்தது ஒன்றைத்தான்: வித்தி உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது.

ஒரு போத்தல், இரண்டு விளக்கங்கள்

அப்படியானால் வித்தி எங்கே உள்ளே வந்தது? பரேலிலா, மல்கோவாலிலா?

சாட்சியங்களில் ஒரு சின்ன விடயம் பதிவாகியிருந்தது. மல்கோவாலில் போத்தலைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்தது. விதிப்படி அதை நெருப்பில் காட்டியிருக்க வேண்டும். அவர் கார்போலிக் கரைசலில் அலசிவிட்டு, அதே இடுக்கியால் 53-என் போத்தலின் தக்கையை இழுத்தார். கால்நடைகள் நடமாடும் ஊரின் மண் அது.

ஹாஃப்கின் பக்கம் நின்ற விஞ்ஞானிகளின் வாதம் தெளிவானது. வாரக்கணக்கில் முன்னரே வித்தி போத்தலுக்குள் போயிருந்தால், அது அங்கே முளைத்துப் பெருகி, மருந்தில் கெட்ட வாடை எழுந்திருக்கும். திறந்தபோது வைத்தியர் வாடை எதையும் கவனிக்கவில்லை. நச்சு ஏற்கனவே போத்தலில் சேர்ந்திருந்தால் நோய் மிக விரைவாக வெளிப்பட்டிருக்கும். நோயாளர்களுக்கு அறிகுறி தோன்ற ஒரு வாரம் எடுத்தது. புதிதாகப் புகுந்த வித்தி உடம்புக்குள் முளைத்து நச்சைச் சுரக்க எடுக்கும் காலத்தோடு அது ஒத்துப்போகிறது.

லண்டனின் லிஸ்டர் நிறுவனமும் சான்றுகளை ஆராய்ந்து, போத்தல் திறக்கப்பட்டபோது மாசு புகுந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்ற பக்கம் சாய்ந்தது. இருந்தும் ஹாஃப்கினின் பெயர் துடைக்கப்பட ஆண்டுகள் எடுத்தன. மலேரியா நுளம்பு வழியாகப் பரவுவதைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ், இதைத் தன் சொந்த வழக்குப்போல எடுத்துக்கொண்டார். ரொஸ் உட்படப் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் 1907 ஜூலை 29 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளியானது. பிரான்சில் யூத இராணுவ அதிகாரி டிரைபஸ்மேல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட விவகாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசியவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஹாஃப்கின் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்.

சூட்டை நம்பியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கில், உண்மையில் இல்லாமல் போனதும் சூடுதான். ஆனால் அது பரேலின் 65 பாகைச் சூடு அல்ல. மல்கோவாலில் அந்த இடுக்கிக்குக் காட்டப்படாத நெருப்பு. கார்போலிக் இல்லாததால் ஆட்கள் செத்தார்கள் என்று சொன்ன அதே ஆவணங்களில், கார்போலிக்கை மட்டும் நம்பிய ஒரு கை பதிவாகியிருந்தது.

திரும்பி வந்தபோது

1907 இன் முடிவில் ஹாஃப்கின் இந்தியாவுக்குத் திரும்பினார். பம்பாயில் அவர் உருவாக்கிய ஆய்வுகூடத்தில் அவருக்கு இடமில்லை, வேறொருவர் தலைவராக இருந்தார். கல்கத்தாவில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆராய்ச்சி செய்யலாம், மனிதர்கள்மேல் புதிய தடுப்பூசிகளைப் பரிசோதிக்க முடியாது. கொலராவுக்கு இன்னும் மேம்பட்ட தடுப்பூசி செய்ய விரும்பியிருந்த மனிதருக்கு அது பாதிச் சிறை. 1914 இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். அதன்பிறகு அவரிடமிருந்து பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை.

1925 இல் பரேல் ஆய்வுகூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். திருமணம் செய்யாதவர். கடைசிக் காலத்தில் மத நம்பிக்கையில் ஆழ்ந்து, தன் சேமிப்பை யூத சமயக் கல்விக்கு எழுதிவைத்தார். 1930 ஒக்டோபர் 26 அன்று சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார். 1964 இல் இந்தியா அவருடைய முத்திரையை வெளியிட்டது.

நம் பக்கத்தில்

வித்தியின் உறக்கம் மல்கோவாலோடு முடிந்த கதையல்ல. மத்தியானம் வடித்த சோற்றை வெளியே வைத்து, இரவு சூடாக்கிச் சாப்பிட்டவருக்கு வாந்தி வருவதற்கும் இதே குணம்தான் பல வேளைகளில் காரணம். அரிசியில் இருக்கும் ஒருவகை பசிலஸ் வித்தி கொதியில் சாவதில்லை, சூட்டால் உறக்கம் கலைகிறது. நம் கரையோர வெக்கையில் ஆறிக்கிடக்கும் சோறு அதற்கு நல்ல நிலம். அது சுரக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு மிஞ்சினால் ஆறவிட்டு விரைவாகக் குளிரூட்டியில் வைப்பது, அல்லது நம் ஆச்சிமார் செய்ததுபோல உடனே தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுவது நல்லது. புளிப்பில் இந்தக் கிருமி வளரத் தடுமாறும்.

வைத்தியசாலைகளில் கத்தியையும் கத்தரிக்கோலையும் வெறும் கொதிநீரில் போடாமல், அமுக்கத்தில் 121 பாகைக்கு ஏறிய நீராவியில் பதினைந்து நிமிடமாவது வைப்பதும் வித்திகளுக்காகத்தான். பாஸ்டரின் ஆய்வுகூடத்தில் சார்ல்ஸ் சம்பர்லண்ட் 1879 இல் உருவாக்கிய கருவியின் வழித்தோன்றல் அது. கடும் காற்றில் படகு ஓடாத நாளில் நெடுந்தீவில் ஒரு காயத்தைத் தைக்க வேண்டி வந்தால், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. தீவின் வைத்தியசாலையில் அந்தக் கருவி வேலை செய்கிறதா, அதற்கு மின்சாரம் இருக்கிறதா என்பவை அன்று உயிர்க் கேள்விகள்.

இலங்கையில் குழந்தைகளுக்கு 2, 4, 6 ஆம் மாதங்களில் போடும் ஊசியில் ஏற்புவலிக்கான தடுப்பும் அடங்கியிருக்கிறது. மண்ணில் உள்ள வித்தியை யாராலும் ஒழிக்க முடியாது. அது முளைத்துச் சுரக்கும் நச்சுக்கு நம் உடம்பைத் தயார்ப்படுத்தலாம், அவ்வளவுதான். அந்தத் தயார்ப்படுத்தல் நம்பிக்கையில் நிற்கிறது. 1902 இல் ஒரு போத்தலால் நம்பிக்கை உடைந்தபோது, என்ன நடந்தது என்று முழுதாக விளங்குவதற்கு முன்னர் ஓர் ஆளைக் காட்டிக் கணக்கை முடித்தார்கள். இடுக்கி மண்ணில் விழுந்த விடயம் விசாரணைக் காகிதங்களிலேயே இருந்தது. அதற்கு உரிய நிறையைக் கொடுத்துப் படிக்க ஐந்து ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் ஹாஃப்கினின் வேலைக்காலம் முடிந்துபோயிருந்தது.